நாமக்கல்லில் நிறக்குருடர் ஒருவருமில்லை

அந்தப் புத்தகத்துக்கு என் வழிகாட்டிப் பேராசிரியர் மூன்று அட்டை போட்டிருந்தார். முதலில் பழுப்புத் தாள், அதன்மேல் காலண்டர் தாள், அதற்கும் மேல் பாலிதீன். ஜப்பானில் அச்சான புத்தகம். பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் நிறைய வண்ணப் புள்ளிகள், அந்தப் புள்ளிகளுக்குள் வேறு நிறத்தில் ஒளிந்திருக்கும் ஓர் எண். சரியான கண்ணுக்கு எண் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரிக்கத் தெரியாத கண்ணுக்கு வெறும் புள்ளிதான் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் அதை என்னிடம் கொடுத்தபோது, "இதுல உன் விரல் ரேகை பட்டா பிஎச்டி அத்தோட முடிஞ்சுது" என்றார். மனித மரபியலில் அவர் எனக்கு நேரடியாகக் கற்பித்த ஒரே பாடம் அது.

எனக்கு ஆராய்ச்சி மாணவன் என்று பெயர். அவர் வீட்டுச் சமையல் எரிவாயுவுக்குப் பதிந்து வைப்பது, அவர் மகளின் தாவரவியல் நோட்டில் செம்பருத்தி வரைவது, அவர் மாமியாரை ரயிலேற்றுவது ஆகிய துறைகளில் நல்ல பயிற்சி பெற்றேன். என் முதல் அத்தியாயத்தை எட்டு மாதம் வைத்திருந்து திருப்பித் தந்தார். ஒரு திருத்தமும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் காபி டம்ளர் வைத்த வட்டம் மட்டும் இருந்தது. ஆக, மூன்றாம் பக்கம்வரை வந்திருக்கிறார் என்று அனுமானித்தேன். அதுவே என் முதல் விஞ்ஞான முடிவு. அவரைப் பழிப்பதற்கு எனக்குப் பெரிய யோக்கியதை ஒன்றும் கிடையாது. அவர் தும்மினால்கூட "சரிங்க சார்" என்று சொல்லிவிடும் அளவுக்கு என் முதுகு வளைந்து பழகியிருந்தது. ஆட்டையாம்பட்டித் தறிவீட்டில் பிறந்தவன் நான். எந்தச் சாயம் போகும், எந்தச் சாயம் நிற்கும் என்று நூலைத் தொட்டுச் சொல்லிவிடுவேன். மனிதனை மட்டும் அப்படிச் சொல்லத் தெரியவில்லை.

தலைப்பையும் அவரே பிடித்தார். நிறக்குருடு தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது. ஆகவே ஆண்கள் கும்பலாக அகப்படும் இடம் வேண்டும். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில், வேலை முடியும்வரை ஓட்டுநர்கள் நாள்கணக்கில் கயிற்றுக் கட்டிலில் கிடப்பார்கள். "மாதிரிகள் எளிதில் கிடைக்கும்" என்று அறிக்கையில் எழுதினார். மாதிரி என்றால் தூங்கிக்கொண்டிருக்கும் ஆள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் ஓர் அனுமதிக் கடிதம் வாங்குவதற்காக, சோதனையில் தேறாதவர்களின் பெயர்ப் பட்டியலைத் தருவதாக ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். பட்டியலில் பெயர் ஏறினால் கனரக லைசென்ஸ் போய்விடும். லாரியைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதனுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கேட்டதற்கு, "நம்ம வேலை உண்மை. மத்தது அவன் தலையெழுத்து" என்றார்.

முதல் நாளே ஒருவர் அகப்பட்டார். மோகனூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்த ஓட்டுநர். யாருக்கும் தெரியும்படி அச்சிட்ட முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்று சரியாகச் சொன்னார். அடுத்த பக்கத்தில் ஒளிந்திருந்தது எட்டு. அதை அவர் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "புள்ளிதானுங்க இருக்குது சாமி. நெம்பரே காணமுங்களே" என்றார். மற்ற பக்கங்களும் அப்படியே. தாளில் குறித்தேன். இது எதற்கு என்று கேட்டார். மறைக்கத் தெரியாமல் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்து நின்றார். "நேத்து கண்ணுல தூசிங்க. இன்னொருக்காப் பாத்துரலாம்" என்றார். நான் புத்தகத்தைத் திறக்கும் முன்பே பன்னிரண்டு என்றார். எட்டு, இருபத்தொன்பது என்று வரிசையாக வந்தது. நான் பக்கம் புரட்டுவதற்குத்தான் அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதே வேகத்தில் ஒப்பித்தார்கள். கண் நன்றாக இருந்தவர்களும் பக்கத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். எதற்கு வம்பு என்று, முதல் நாள் எண்ணைப் பார்த்துச் சொன்ன நல்ல கண்காரர்களை வைத்து டீக்கடையில் எல்லாருக்கும் பாடம் நடந்திருக்கிறது. அந்த நிமிடமே என் ஆராய்ச்சி செத்துப்போனது. பக்கங்களைக் கலைத்துக் காட்டியிருந்தால் உயிர் வந்திருக்கும். நான் கலைக்கவில்லை. முதல் நாள் தாளையும் கிழித்துப் போட்டேன். இரக்கத்தால்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் தினமும் மாலை சேலம் போகும் ஏதாவது ஒரு லாரியில் எனக்கு ஓசியில் இடம் பிடித்துத் தந்தவரும் அந்த மோகனூர்க்காரர்தான்.

வண்டி தயாரானதும் அவரே ஒருநாள் என்னை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு ஓட்டிப் போனார். சிவப்பு விளக்கை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன். "மேல எரிஞ்சா நிக்கோணும், கீழ எரிஞ்சாப் போகோணும். முன்னால போற வண்டி பிரேக் புடிச்சா வெளிச்சம் கூடுமல்லங்க" என்றார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். புதுச்சத்திரம் தாண்டியதும், "என்ற பையனுக்கு இது வருமுங்களா?" என்றார்.

"அப்பாகிட்டயிருந்து பையனுக்கு வராதுங்கண்ணா. அம்மா வழியாத்தான் வரும். அண்ணி உங்களுக்குச் சொந்தமா?"

"மாமன் புள்ளைதானுங்க. எங்கம்மாவோட கூடப்பொறந்தவரு மக."

"மாமனுக்குக் கண்ணு எப்படி?"

"அவுரு மொளகா பறிச்சா பழத்தோட காயவும் சேத்துப் பறிச்சுருவாருங்க. சோம்பேறின்னு எங்கைய்யன் வையும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் கட்டங்களும் வட்டங்களும் போட்டு வம்சத்தை வரைந்து காட்டினேன். மாமனிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேரனுக்கு. பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அப்ப அவனை ஸ்டியரிங்குல உக்கார உட மாட்டனுங்க" என்றார். நான் செய்த ஆராய்ச்சியில் உண்மையான ஒரே பக்கம் மோகனூருக்குப் போய்விட்டது.

மாதக் கடைசியில் பேராசிரியர் பரிசோதிக்க வந்தார். கைக்குட்டையால் கட்டிலைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, ஏதோ சில்லறை வேலைக்காக வண்டியோடு திரும்பி வந்திருந்த மோகனூர்க்காரரையே நேராகக் கூப்பிட்டார். பேராசிரியர் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார். ஓட்டுநர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். பிறகு தலைகீழாக, கடைசியிலிருந்து முதல்வரை, ஓர் எண்கூடத் தவறாமல் சொல்லி முடித்தார். பேராசிரியர் போன பிறகு, எப்படி முடிந்தது என்று கேட்டேன். "நாமக்கல்லு பன்னெண்டு, புதன்சந்தை எட்டுன்னு சேலம் ரோட்டு ஊரா வெச்சுப் படிச்சதுங்க. போறப்ப வர்ற ஊருதானுங்களே வர்றப்பவும் வருது?"

பேராசிரியரின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட நிறக்குருடு இல்லை என்பது உலகில் எங்கும் காணாத அதிசயம். வேறொருவன் என்றால் சந்தேகப்பட்டிருப்பான். அவர் கட்டுரை எழுதினார். பழத்தையும் காயையும் பிரித்துப் பறிக்கும் நெடுநாளைய வேளாண்மை, இந்தச் சமவெளியிலிருந்து அந்த மரபணுவையே களைந்துவிட்டதாம். எனக்கு மோகனூர்க்காரரின் மாமனுடைய மிளகாய்க் கூடை ஞாபகம் வந்தது. கட்டுரையில் அவர் பெயர் முதலில், நாமக்கல்லைப் படத்தில்கூடப் பார்த்திராத துறைத்தலைவர் பெயர் அடுத்து, கடைசியில் என் பெயர். அச்சானதை நானும் நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் என் ஆய்வேட்டை உண்மையிலேயே படித்திருந்தார். எங்கள் துறைக்கு அது புது அனுபவம். "ஒருத்தர்கூடவா இல்ல?" என்றார். வழிகாட்டி வேளாண்மையை எடுத்துவிட வாயைத் திறந்ததும், வந்தவர் கையமர்த்தி, "அவர் சொல்லட்டும்" என்றார். பெயர், ஊர், வண்டி எண் எல்லாம் என் நாக்கில் இருந்தன. சொன்னால் ஒரு முட்டாள்தனம் அம்பலமாகும், ஒருவர் வேலையும் போகும், என் பட்டமும் போகும். மூன்றில் எது என்னைத் தடுத்தது என்று இன்றுவரை பிரித்துப் பார்த்ததில்லை. "ஒருத்தர்கூட இல்லீங்க சார்" என்றேன். அவர் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று முதல் காலையில் பேப்பர் வந்தால் விபத்துச் செய்திகளைத்தான் முதலில் படித்தேன். லாரி என்ற சொல்லைக் கண்டால் வண்டி எண்ணைத் தேடுவேன். வழிகாட்டி அதே கட்டுரையைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கினார். எனக்கு அது ஆறேழு ஆண்டுக் காலைச் சாப்பாட்டைக் கெடுத்தது. எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் சேலம் பேருந்து நிலையத்தில், நான் சோதனை நடத்திய நாமக்கல் பட்டறையின் முதலாளியைப் பார்த்தேன். மோகனூர்க்காரரைப் பற்றி விசாரித்தேன். "அவுரு ஸ்டியரிங்கை உட்டுட்டாருங்க. கரும்பு போட்டிருக்காரு" என்றார்.

"விபத்து கிபத்து ஏதாச்சும்?"

"ஒரு கோழி மேலகூட ஏத்துலீங்க."

அதனால் நான் செய்தது சரியென்று ஆகிவிடாது. தப்பித்தேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அப்போதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.