சொல்லாமல் ஊதிய விசில்

பகலில் அவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். வார இறுதி மாலைகளில் கூடைப்பந்து நடுவர். இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் சேர்ந்தது ரசிகர்களுக்குப் பெரிய வசதியாகப் போயிற்று. விசில் யாருக்குப் பிடிக்கவில்லையோ அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "யோவ் கண்ணாடி! கடையில சும்மா கெடக்கறதுல ஒண்ண மாட்டிக்கிட்டு வாய்யா!" பல வருடங்களாக அதே கேலிதான். அவரும் பல வருடங்களாக அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிறந்த நடுவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஓட்டம் சுமார்தான். வேகமான ஆட்டத்தில் பந்துக்கு இரண்டடி பின்னால்தான் இருப்பார். ஆனால் யாருக்கும் வளையாத ஆள் என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயர் ஓரளவு உண்மை.

கூடைப்பந்து விதிகளில் சில, தூங்கிக்கொண்டே இருப்பவை. எதிரணி தவறு செய்தால் கோட்டில் நின்று தடையின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில், எறிகிறவர் நடுவர் கையிலிருந்து பந்தை வாங்கி ஐந்து நொடிக்குள் எறிந்துவிட வேண்டும் என்பது அப்படி ஒன்று. மைதானத்துக் கடிகாரம் அதைக் காட்டாது. நடுவர்தான் எண்ண வேண்டும், பெரும்பாலும் யாரும் எண்ணுவதில்லை. ஆட்டக்காரர் ரொம்பவும் இழுத்தடித்தால் நடுவர்களிடையே எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. பந்தைக் கொடுக்கும்போது, "கொஞ்சம் சீக்கிரம்" என்று தணிந்த குரலில் சொல்வார்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் விசில். கண்ணாடிக்காரர் இந்த வழக்கத்தை ஒருமுறைகூட மீறியதில்லை, அந்த இறுதி ஆட்டம் வரை.

ரொட்டித் தொழிற்சாலை அணியில் ஒரு பெண் இருந்தாள். எல்லோருக்கும் அவள் நெட்டை. ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றால் உள்ளங்கைகளை மாற்றி மாற்றித் துடைப்பாள். பந்தின் கோடு விரல்நுனிக்கு வரும்வரை அதைத் திருப்புவாள். கண்ணை மூடி மூச்சை விடுவாள். பிறகுதான் எறிவாள். அநேகமாக விழுந்துவிடும். எதிரணி ஆட்கள், "ஏ நெட்டை, அது பந்தா, பச்சக் குழந்தையா? தாலாட்டிக்கிட்டே இருக்கே!" என்று கத்துவார்கள். கண்ணாடிக்காரர் அவளை ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. அவள் எறிவதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

இறுதி ஆட்டத்துக்குக் கூடைப்பந்துச் சங்கத்திலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். மேல்நிலை நடுவராக ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணாடிக்காரர் அதற்காக வெகுகாலம் காத்திருந்தார். இடைவேளையில் தண்ணீர்க் கேன் பக்கத்தில் தேர்வாளர் அவர் தோளைத் தட்டினார்.

"நல்லாத்தான் ஊதுறீங்க. ஆனா ரூல் புக் பூரா ஞாபகம் இருக்கா? அந்த நெட்டைப் பொண்ணு லைன்ல நிக்கறதுக்குள்ள நான் ஒரு டீயே குடிச்சு முடிச்சிட்டேன்."

கண்ணாடிக்காரர் சிரித்து வைத்தார்.

கடைசி நொடிகளில் ரொட்டி அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. நெட்டைக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவதை வழக்கம்போல நிதானமாக எறிந்தாள், விழுந்தது, சமநிலை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல அதுதான் நேரம். சொல்லியிருந்தால் அவளுக்கு மட்டும் கேட்டிருக்கும். விசிலோ தேர்வாளர் உட்கார்ந்திருந்த மேல்வரிசை வரை கேட்கும். இரண்டாவது பந்தை அவர் பேசாமல் கொடுத்தார். அவள் கையைத் துடைத்தாள், பந்தில் கோட்டைத் தேடினாள், கண்ணை மூடினாள். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து தாண்டியதும் ஊதினார்.

அவள் கண்ணைத் திறந்தபோது பந்து இன்னும் அவள் கையிலேயே இருந்தது. விதிப்படி பந்து எதிரணிக்கு; அவர்கள் அதைக் கொண்டுபோய்க் கூடையில் போட்டார்கள். ஆட்டம் முடிந்தது.

"இதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும் சார்," என்று தேர்வாளர் கைகுலுக்கினார். மேல்நிலைச் சின்னம் விரைவிலேயே வந்தது. அதைச் சட்டையில் வைத்துத் தைத்துக்கொண்டே மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க, பதவி வந்த மூஞ்சியா இது? பல்லு வலியோன்னு நெனச்சேன்."

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா மூணு நாளா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீங்க?"

அவரால் விளக்க முடியவில்லை. விசில் தவறு என்றால் விஷயம் சுலபம், தவறுக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம். ஐந்து நொடி கடந்தது உண்மை, விதியும் உண்மை. சரியான ஒரு செயலுக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? ஊதியதன் காரணம் மட்டும்தான் அழுக்கு. அது வெளியே யாருக்கும் தெரியாது.

ஒரு முற்பகல் நெட்டை கடைக்குள் வந்தாள். அம்மாவின் கண்ணாடியில் காதுக் கம்பி உடைந்திருந்தது. கண்ணாடிக்காரர் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார். அவள் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். விரல் இடுக்குகளில் மாவு காய்ந்திருந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளும்மா."

"அன்னிக்கு மொதல்ல சொல்லிட்டுத்தானே ஊதினீங்க? எங்க புள்ளைங்க எல்லாம் அதான் சொல்றாங்க. கண்ணாடி சார் சொல்லாம ஊதமாட்டாரு, உன் காதுதான் மந்தம்னு. கூட்டம் வேற கத்துச்சு. எனக்குக் கேக்காமப் போயிருக்கும், இல்ல?"

திருகாணி மேசையில் உருண்டது. அவர் அதைத் தேடுவதுபோல் குனிந்தார். 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். அவளே அதை அவர் வாய்க்கு அருகில் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"ஏன், இப்ப என்ன ஆச்சு?" என்றார்.

"கோச் என்னை வெளிய உக்கார வச்சுட்டாரு. வேகமாப் போடப் பழகுடீங்கறாரு. வேகமாப் போட்டா ஒண்ணுகூட விழ மாட்டேங்குது. எல்லாரும் என்னாலதான் தோத்தோம்னு..." பாதியில் நிறுத்தினாள். "தப்பு என்னுதுதான் சார். நான் உங்களக் கொற சொல்ல வரல."

"நான் சொல்லலம்மா."

"என்ன சார்?"

"உன்கிட்ட சொல்லாமத்தான் ஊதினேன். மேல பெரியவர் ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தாரு. அவருக்குக் காட்டறதுக்காக ஊதினேன்."

அவள் முகம் மெல்ல இறுகியது. குரல் உயரவில்லை.

"அப்ப நான் இத்தன நாளா என் காதைத் திட்டிக்கிட்டு இருந்தேனே."

அவர் கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"இத வந்து எங்க கோச்கிட்ட சொல்லுங்க. இன்னிக்கே."

சொன்னால் பேச்சு சங்கம் வரை போகும், சட்டையில் தைத்தது பிய்ந்தாலும் பிய்யலாம் என்று அவருக்குத் தெரியும். மாலையில் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டுப் போனார்.

பயிற்சியாளர் வாயில் விசிலோடு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விசிலை எடுத்தார்.

"அஞ்சு செகண்டு ஆச்சா, ஆகலையா?"

"ஆச்சு."

"அப்புறம் என்னய்யா? ரூல் ரூல்தானே?"

"எப்பவும் மொதல்ல சொல்லுவோம். நான் சொல்லல. அதனாலதான் அந்தப் பொண்ணு..."

"நல்ல மனுஷன்யா நீ. ஆனா லேட்டா வந்திருக்கே. உனக்குச் சின்னம் கெடச்சதுலேருந்து ஒவ்வொரு ரெஃபரியும் எண்ண ஆரம்பிச்சுட்டான். போன வாரம் ஒரே ஆட்டத்துல ரெண்டு தடவ ஊதினாங்க. நீ மனசு மாறினா ஊர் மாறிடுமா? நான் வேகமாப் போடறவளத்தான் எறக்கணும்."

சங்கத்துக்குப் போய்ச் சொன்னாலும் இதே பதில்தான் வரும் என்று கண்ணாடிக்காரருக்கு அப்போது புரிந்தது. சின்னத்தை யாரும் பறிக்கப் போவதில்லை. அவர் தூக்கத்திலிருந்து எழுப்பிய விதியை அவராலேயே திரும்பத் தூங்கவைக்க முடியாது.

மைதானத்தில் பெண்கள் வரிசையாக நின்று எறிந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் உரக்க எண்ணினார்கள். நெட்டையின் முறை வந்தது. கையைத் துடைக்கப் போனவள் பாதியில் விட்டுவிட்டு எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு எகிறி அவர் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினார்.

"கோச்கிட்ட சொல்லிட்டேம்மா."

"பாத்தேன் சார்." பந்தை வாங்கிக்கொண்டாள். "அவர்கிட்ட சொல்லிட்டீங்க. என் கைகிட்ட யார் சொல்றது?"

அவள் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டாள்.