எடுக்காமல் விட்ட டோக்கன்

ஷமீம் பானு கடலைப் பார்த்ததில்லை. அச்சன்புதூர்க்காரிக்குத் தண்ணீர் என்றால் குற்றாலம்தான். அங்கேயும் அருவி கொஞ்சம் கலங்கி விழுந்தால் போதும், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். இவள் புருஷன் துல்கர்னைனுக்குப் போய் வளைகுடாவில் கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிற வேலை வாய்த்தது.

முன்பு அங்கே தீவுக்குக் கார் ஏற்றிப் போகும் படகில் இருந்தான். சுரங்கச்சாலை வந்தால் படகு நின்றுவிடும், ஆள் ஊர் வந்து சேருவான் என்று இவள் நம்பியிருக்க, அவன் சுரங்கத்திலேயே சேர்ந்துகொண்டான். அன்று பிடித்த பயம் விடவில்லை. உள்ளே போகிறவன் வாசல் பலகையில் டோக்கன் மாட்டுவான், வெளியே வந்ததும் எடுப்பான், ஒரு டோக்கன் தொங்கினாலும் ஆளைத் தேடாமல் விடமாட்டார்கள் என்று அவன் ஆறுதல் சொன்னான். தேடுகிற மாதிரியான வேலைக்கு ஏன் போகவேண்டும் என்பது இவள் கேள்வி.

ஒரு வெள்ளிக்கிழமை பண்பொழியிலிருந்து முத்துவடிவு வந்து நின்றாள். அவள் புருஷன் வேல்ராஜுக்கும் அதே சுரங்கத்தில்தான் வேலை. அவன்தான் போன் செய்து அனுப்பியிருந்தான். சுரங்கத்தில் தண்ணீர் கசிகிறதாம், எல்லாரும் மேலே வந்தாயிற்றாம், துல்கர்னைன் டோக்கன் மட்டும் தொங்குகிறதாம். ஷமீம் பதறிப்போய் போனை எடுத்தாள். அவன் நம்பரை அடித்து அடித்துப் பார்த்தாள். போன் அணைந்தே கிடந்தது. அவரை மட்டும் கொடுத்துவிடு ரப்பே, வேறெதுவும் கேட்கமாட்டேன் என்று தொழுகைப் பாயில் கிடந்து அழுதாள். முத்துவடிவு பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. அவனேதான்.

"எங்க இருக்கிய?" என்றாள்.

ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற படகு போய்விடுமே என்று டோக்கனை எடுக்காமலே ஓடியிருக்கிறான். அக்கரைப் பள்ளிவாசலில் அணைத்த போனை இப்போதுதான் திறந்தானாம். ஷமீம் ஏசினாள், அழுதாள், சிரித்தாள். முத்துவடிவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "ஷமீமு, இப்பத்தான் சொல்லுதாவ. என் டோக்கனப் பாத்துட்டு வேல்ராஜ் என்னயத் தேடி உள்ள போயிருக்கான். இன்னும் வரல."

ஷமீம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இவ்வளவு நேரமும் ரப்பிடம் ஒரே ஆளுக்காகக் கேட்டது நெஞ்சில் குத்தியது.

"அவுககிட்டயும் சொல்லிருதேன்க்கா, அங்கன தவிச்சுக்கிட்டு இருப்பாவ" என்று முத்துவடிவு வேல்ராஜுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. "எடுக்க மாட்டேங்காவளே" என்றாள்.

ஷமீம் அவள் கையிலிருந்த போனை வாங்கிக் கீழே வைத்தாள்.

"முத்து, இப்படி உக்காரு" என்றாள்.