மராத்திப் படத்தில வந்த என்ரை கேள்வி

என்ரை மகள் கட்டப்போறன் எண்டு கூட்டிக்கொண்டு வந்த பெடியன் மராத்திக்காரன். புனேக்குக் கிட்ட ஒரு கிராமமாம். இஞ்ச சுவிசில, சூரிச்சில வேலை. ரெண்டு பேரும் அட்லிஸ்விலில ஒரே வீட்டிலதான் இருக்கினம் எண்டதை என்ரை மனிசி எனக்குச் சொன்னதே ஒரு வருசம் கழிச்சு. நான் சோலோதுர்னில ஒரு வயோதிபர் இல்லத்துக் குசினியில வேலை செய்யிறன். அங்க எல்லாரும் என்னைப் பகிடிக்காரன் எண்டுதான் சொல்லுவினம். வீட்டில அந்தப் பட்டம் எனக்கு இன்னும் கிடைக்கேல்ல.

முதல் நாள் வந்தவன் சப்பாத்தைக் கழட்டி, நேராக்கி வைச்சிட்டு வந்து இருந்தான். எனக்குத் தெரிஞ்ச டொச்சில, அதுதான் ஜேர்மன் பாசையில, நான் துவங்கினன்.

"எந்த ஊர்?"

சொன்னான்.

"ஊரில எந்தப் பக்கம்?"

"ஆத்துக்கு அங்கால, அங்கிள்."

"எந்தக் கோயிலடி?"

எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சாதி எண்ட சொல்லை வாயில எடுக்காமலே சாதியைப் பிடிக்கிறதுக்கு யாழ்ப்பாணத்தில இந்த மூண்டு கேள்வி காணும். பெடியன் சிரிச்சுக்கொண்டு பக்கத்தில ஒரு அம்மன் கோயில் இருக்கெண்டான். அந்தப் பதிலை வைச்சு நான் என்னத்தைப் பிடிக்கிறது? மகாராட்டிர வரைபடம் என்ரை மண்டையில இல்லை.

"அப்பா, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ," எண்டாள் மகள். அந்தக் குரலிலயே தேத்தண்ணி ஆறிப்போச்சு.

அடுத்த நாள் ரொறன்ரோவில இருக்கிற என்ரை பள்ளிக்கூடத்துக் கூட்டாளிக்குப் போன் அடிச்சு, பெடியன்ர ஆக்களை விசாரிக்கச் சொன்னன். அவனுக்குப் பம்பாயில ஆரையோ தெரியும். மூண்டு நாளால பதில் வந்தது: "பயப்பிடாத மச்சான், நல்ல ஆக்களாம்." எங்கட பாசையில நல்ல ஆக்கள் எண்டா சாதி பிழையில்லை எண்டு அர்த்தம். அண்டைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தில இல்லத்துக் கிழவி ஒராளுக்கு ரெண்டு புடிங் வைச்சனான். இப்ப எழுதேக்க கை கூசுது. ஆனா வைச்சனான்.

அதுக்குப் பிறகு நான் உலகத்திலயே பரந்த மனசுள்ள மாமன். மகளுக்கும் அது பிடிச்சுப்போச்சு. "கலியாண எழுத்துக்கு ரெண்டு சாட்சி வேணும் அப்பா. அவற்ற பக்கம் ஒரு சிநேகிதன். என்ரை பக்கம் நீங்கள் நிக்கிறியளோ?" எண்டு கேட்டாள்.

"சாட்சி எண்டா உண்மைதான் சொல்லவேணுமோ?" எண்டன். எல்லாரும் சிரிச்சினம். நான் திரும்பி நிண்டு கண்ணைத் துடைச்சதை ஒருத்தரும் காணேல்ல எண்டு நினைக்கிறன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில பெடியன் மராத்திப் படங்கள் கொண்டு வரத் துவங்கினான். எல்லாம் பேர்போன படங்களாம். முதல் அரை மணித்தியாலத்துக்குள்ள எங்கட படத்தில எண்டா ரெண்டு பாட்டும் ஒரு சண்டையும் முடிஞ்சிருக்கும். இதில ஒரு மனிசன் ஆடு கட்டி முடியேல்ல. ஒரு படம் முழுக்க ஒரு கிழவன் மழைக்குப் பாத்துக்கொண்டு இருந்தான். "மழை வந்தா எழுப்பும்," எண்டு மனிசியிட்டச் சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினன். எழும்பிப் பாக்கேக்கயும் மழை வரேல்ல. ஆனா அந்தக் கிழவன்ர முகம் அடுத்த நாள் கிழங்கு உரிக்கேக்கயும் என்னோட நிண்டது.

மனிசிக்கு டொச் வாசிக்கிறது கஷ்டம். அதால கீழ ஓடுற வரியைத் தமிழாக்கிச் சத்தமாச் சொல்லுறது என்ரை வேலை. ஆம்பிளைக்கு ஒரு குரல், பொம்பிளைக்கு ஒரு குரல், ஆட்டுக்கும் ஒண்டு. பெடியனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் விளங்காது, எண்டாலும் என்ரை ஆட்டுக்குரலுக்கு விழுந்து விழுந்து சிரிப்பான்.

எழுத்துக்கு மூண்டு கிழமை இருக்கேக்க ஒரு படம் பாத்தம். ஒரு படிச்ச பெடியன் பொம்பிளையின்ர வீட்டுக்குப் போறான். தகப்பன் நல்லாச் சிரிச்சு, கதிரை போட்டு, செம்பில தண்ணியும் குடுக்கச் சொல்லுறான். நான் எடுப்பான குரலில தகப்பனுக்குக் கதைச்சுக்கொண்டு இருந்தன்.

"எந்த ஊர் தம்பி?"

வரி மாறிச்சுது.

"ஊரில எந்தப் பக்கம்?"

அப்பவே நான் நிப்பாட்டியிருக்கலாம். வாய் பழக்கத்தில ஓடிச்சுது.

"எந்தக் கோயிலடி?"

படத்தில அந்தப் பெடியன் தண்ணியைக் குடிக்காமல் செம்பைக் கீழ வைச்சான். எங்கட வீட்டில மனிசி மெல்லமாச் சொன்னாள், "இது நீங்கள் அண்டைக்குக் கேட்டதெல்லோ?"

மகள் படத்தை நிப்பாட்டினாள். "அப்பா, அண்டைக்கு இவர் வேற பதில் சொல்லியிருந்தா என்ன செய்திருப்பியள்?"

"வேற ஊர் எண்டா பஸ் மாறிப் போயிருப்பன்."

"பகிடியை விடுங்கோ," எண்டாள் மனிசி.

விட்டன். விட்டாப் பிறகு என்னட்ட மிச்சமா இருந்தது அந்த ஒண்டுதான். "நான் விசாரிச்சனான் பிள்ளை."

"ஆரிட்ட?"

"ரொறன்ரோவில. நல்ல ஆக்களாம்."

"நல்ல ஆக்கள் இல்லையெண்டு சொல்லியிருந்தா?"

முப்பது வருசமா எந்தக் கேள்விக்கும் ஒரு பகிடி வைச்சிருந்த வாய். நான் எழும்பி மேசையில கிடந்த தேத்தண்ணிக் கோப்பையளை அடுக்கத் துவங்கினன். அதுவே அவளுக்குப் பதிலாப் போச்சு.

பெடியன் எங்களை மாறி மாறிப் பாத்தான். "அங்கிள் என்ன சொல்லுறார்?" எண்டு அவளை டொச்சில கேட்டான்.

"ஒண்டுமில்லை, படத்தைப் பற்றித்தான்," எண்டாள். எனக்காக அவள் சொன்ன பொய் அது. இண்டைவரைக்கும் அவனுக்குத் தெரியாது.

வெளிக்கிடேக்க அவன் முன்னால படியிறங்கிப் போட்டான். அவள் ஜக்கெற் சிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள், "சாட்சிக்கு வேற ஆளைக் கேக்கிறன் அப்பா. நீங்கள் வாங்கோ, முன்னுக்கு இருங்கோ. கையெழுத்து மட்டும் வேண்டாம்."

ஓமெண்டன். வேற என்னத்தைச் சொல்ல?

எழுத்தண்டைக்கு முன் வரிசையில இருந்தன். சாட்சிக்கு நிக்கிறதுக்கெண்டு வாங்கின கோட்டுத்தான் போட்டிருந்தது. பக்கத்துக் கதிரையில பெடியன்ர தகப்பன், ஊரில இருந்து வந்தவர், மெலிஞ்ச மனிசன். கொஞ்சம் இங்கிலிஸ் கதைப்பார். மகளின்ர சிநேகிதி பேனையை வாங்கிக் குனியிற நேரம் அவர் என்னட்டக் கேட்டார், "உங்கட ஊர் எது?"

சொன்னன். சொல்லிப்போட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தன். ஊரில எந்தப் பக்கம் எண்டு கேட்டா என்ன சொல்லுறது எண்டு என்ரை வாழ்க்கையில முதல் தரமா யோசிச்சன்.

அவர் யன்னலுக்கு வெளிய ஒருக்காப் பாத்திட்டுத் திரும்பினார். "அங்க மழை ஒழுங்காப் பெய்யுமோ?"

"ஓம்," எண்டன். "கார்த்திகையில பெய்யும்."

நல்லது எண்டு தலையாட்டினார். முன்னால சிநேகிதி கையெழுத்து வைச்சு முடிச்சாள். எல்லாரும் கை தட்டிச்சினம். நானும் தட்டினன்.