பின்னால் நீண்ட கை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிறவள். எட்டாவதோடு படிப்பை விட்டவள்தான், ஆனாலும் அதையெல்லாம் நம்பினதில்லை. மற்றபடி எல்லாவற்றுக்கும் பயப்படுவேன், அது உண்மை. பஸ் லேட்டானால் வேலை போய்விடும், லிஃப்ட் நின்றால் உயிர் போய்விடும் என்று எந்நேரமும் கவலைதான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, பட்டப்பகலில் நடந்ததைச் சொல்கிறேன்.

பெரும்பாக்கத்தில் வீடு. தாம்பரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அங்கே பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் சிஸ்டர் யாரும் உட்காரக் கூடாது, கேட்காமல் வாய் திறக்கக் கூடாது. கடைசி பெட்டைப் பார்த்ததும் வார்டு மூலையில் கை கழுவுவார். திரும்ப மாட்டார், கையை மட்டும் பின்னால் நீட்டுவார். அதில் துண்டை வைக்க வேண்டும். ஸ்டெல்லா சிஸ்டர்தான் வைப்பாள். ஸ்டெரிலைசர் பெட்டி மேலே போட்டுச் சூடாக்கின துண்டு.

"கை மட்டும்தான்கா வருது. ஒரு நாளாவது மூஞ்சி திரும்புதா பாரு" என்பாள்.

"திரும்பினா இன்னா, செயின் போடப் போறாரா?"

"ஒண்ணும் வாணாம்கா. பின்னாடி ஒருத்தி நிக்கிறான்னு தெரிஞ்சா போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அவள் டீயில் பாதி எனக்கு. கூடப் பிறந்தவள் இருந்தாலும் அப்படி இருந்திருக்க மாட்டாள்.

போன மழையில் மேடவாக்கம் ரோட்டில் தண்ணி லாரி மோதி ஸ்டெல்லா போய்விட்டாள். அந்த ஸ்டெரிலைசரையும் ரிப்பேர் என்று தூக்கிப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு காலை ரவுண்ட்ஸ். புதுசாக வந்த சிஸ்டருக்கு வழக்கம் தெரியாது, ஃபைலைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். நான் கடைசி பெட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். டாக்டர் கை கழுவினார், பழக்கதோஷத்தில் கையைப் பின்னால் நீட்டினார். ஐயோ, துண்டு இல்லையே, இப்போது கத்துவார், என் தலையில்தான் விடியும் என்று விரிப்பை அப்படியே போட்டேன். ஓடிப்போய் எதையாவது எடுத்து வரலாம் என்று காலை எடுத்து வைத்தேன், அதற்குள் அவர் கையில் துண்டு இருந்தது. நம்பினால் நம்புங்கள். அது வந்ததை நான் பார்க்கவில்லை, இருந்ததைத்தான் பார்த்தேன்.

துடைத்தவர் பாதியில் நின்றார். துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் திரும்பினார்.

"ஸ்டெல்லா?"

அவருக்கு அந்தப் பேர் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பின்னால் வெறும் சுவர். என்னிடம் கேட்டார். "யாரும்மா குடுத்தது?"

"நான் இல்ல சார். சத்தியமா தெரியாது சார்."

துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போய்விட்டார். தொட்டேன். சூடு. எனக்கு அழுகை பொங்கியது, பயத்தில் இல்லை. திரும்பிட்டாரும்மா, பாத்தியா என்று கேட்க அவள் எங்கே? அவரிடம் வந்தவள் என்னிடம் ஏன் வரவில்லை?

இப்போது அந்த மூலையில் டிஷ்யூ பெட்டி மாட்டியிருக்கிறார்கள். துண்டு என் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது. ரவுண்ட்ஸ் நேரத்தில் கையை விட்டுத் தொட்டால், இன்றைக்கும் சூடாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரிய டாக்டர் வர மாட்டார். அன்றைக்கு மட்டும் சில்லென்று கிடக்கும். அன்றைக்காவது எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள் போல.