மச்சானும் நானும் மக்காவ் போயிருந்தபோது பெய்த மழை

மழை பெய்த செய்தி எங்களுக்கு ஒரு கைப்பைக் கடையின் வாசலில் வந்தது. கடைக்குள் போக வரிசை கட்டி ஆட்கள் நின்றார்கள். வெள்ளைக் கையுறை போட்ட காவலாளி, உள்ளே இருந்து ஒருவர் வந்தால்தான் வெளியே நிற்பவரில் ஒருவரை விட்டான். மச்சானும் நானும் அந்த வரிசையில் இல்லை. எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வரிசையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது என் அக்கா ஊரிலிருந்து போன் செய்தாள்.

"தம்பி, மச்சான்கிட்டக் குடு. மழை பேஞ்சிருச்சு. ராத்திரி பூரா ஊத்தி இப்பத்தான் விட்டுச்சு."

மச்சான் போனை வாங்கினார். "எம்புட்டு எறங்கியிருக்கு?"

"கடப்பாரையக் குத்திப் பாத்தேன். ஒரு முழத்துக்கு ஈரம்."

மச்சான் எழுந்து நின்றுவிட்டார். காவலாளி அவரைத் திரும்பிப் பார்த்தான். கடைக்குத்தான் வருகிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

உசிலம்பட்டிக்கு மேற்கே மச்சானுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் காடு. கிணறு கிடையாது. மழை பெய்தால் நிலக்கடலை, பெய்யாவிட்டால் சும்மா. செம்மண்ணில் ஈரம் நிற்காது. நல்ல வெயில் அடித்தால் நாலாவது நாள் மேல்மண் பொருக்குத் தட்டிவிடும். அதற்குள் உழுது கடலைப் பருப்பைச் சாலில் போட்டு மூடிவிட வேண்டும். விதைக்கடலையைத் தோல் உடைத்து, சொத்தை பொறுக்கி, இரண்டு சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். உடைத்த பருப்பை அடுத்த வருடத்துக்கு வைக்கவும் முடியாது. எல்லாம் தயாராக இருந்தது. மச்சான் மட்டும் சீனாப் பக்கம் மக்காவ் ஊரில் இருந்தார்.

அவரை அங்கே கூட்டிப்போனது நான்தான்.

அக்கா மகள் கல்யாணத்துக்கு மதுரையில் ஜவுளி எடுத்தபோது கடையில் ஒரு கட்டுக் கூப்பன் கொடுத்தார்கள். மச்சான் ஒவ்வொன்றிலும் பேர் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு மறந்துபோனார். சில மாதம் கழித்து, உங்களுக்கு வெளிநாட்டுச் சுற்றுலா விழுந்திருக்கிறது, இரண்டு பேர் போகலாம் என்று போன் வந்தது. ஏமாற்றுக்காரன் என்று இரண்டு முறை கட் பண்ணினார். மூன்றாம் முறை நான் எடுத்துப் பேசினேன். உண்மைதான். நாங்கள் கடைக்கே போனோம். இதற்குப் பதிலாக ஆழ்துளைக் கிணறு போட்டுத் தருவீர்களா என்று மச்சான் கேட்டார். மேனேஜர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

அக்கா வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கறவை மாடு இரண்டை விட்டுவிட்டு எப்படி வருவது? அதனால் அந்த இடம் எனக்கு வந்தது. நான் எட்டாவதோடு நின்றவன். நாக்பூரில் முறுக்குப் போட்டிருக்கிறேன். லாரியில் கிளீனராக இருந்திருக்கிறேன். மலேசியாவில் இரண்டு வருடம் குழாய் வேலை பார்த்திருக்கிறேன். எங்கேயும் ஒரு வருடம் இரண்டு வருடத்துக்கு மேல் என் கால் நிற்காது. பார்க்காத ஊர் ஒன்று சும்மா கிடைக்கிறது என்றதும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மச்சானுக்கு ஆசையே இல்லை. துபாய் வேலைக்கு என்று எப்போதோ எடுத்து, போகாமலே விட்ட பாஸ்போர்ட் ஒன்று அவரிடம் இருந்தது. ஆடி முழுக்க ஒரு சொட்டு விழவில்லை. ஆவணியிலும் பாதி போய்விட்டது.

"வானத்தப் பாருங்க மச்சான், சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி மாதிரி கெடக்கு. எங்கருந்து மழை வரப்போகுது? அஞ்சாறு நாள்ல திரும்பிரலாம்" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். சரி என்றார்.

மக்காவ் என்றாலே சூதாட்டம்தான். ஆனால் எங்கள் டூர் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கானது. சூதாட்டம் தவிர மற்றதெல்லாம் காட்டுவோம் என்று முதல் நாளே டூர் மேனேஜர் மைக்கில் சொன்னார். அந்த மற்றது கொஞ்சநஞ்சமில்லை. ஒரு ஓட்டல் கட்டடத்துக்குள்ளேயே வாய்க்கால் ஓடியது. அதில் படகு விட்டிருந்தார்கள். மேலே கூரையில் நீல வானமும் மேகமும் வரைந்து விளக்குப் போட்டிருந்தார்கள். எந்நேரமும் சாயங்காலம் ஐந்து மணி போலவே இருந்தது. இரண்டு கரையிலும் கைப்பை, செருப்பு, கைக்கடிகாரம், வைரம் விற்கும் கடைகள். ஒரு கடையில் ஒரே ஒரு பையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நாலு பக்கமும் வெளிச்சம் அடித்திருந்தார்கள். எங்களோடு வந்த மதுரைத் தெற்குமாசி வீதி சௌராஷ்டிரக் குடும்பத்து அம்மா ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டார்.

அந்த வாய்க்கால் கரையில் நின்றுதான் மச்சான் தன் பங்காளிக்குப் போன் போட்டார். பெரியப்பா மகன். ஊரில் டிராக்டர் வைத்திருப்பது இரண்டு பேர். ஒருவருடைய வண்டி கரும்பு ஏற்ற அலங்காநல்லூர்ப் பக்கம் போயிருந்தது. மீதி இருந்தது இவருடையதுதான். வரப்பில் நின்ற ஒரு வேப்பமரத்துக்காக இரண்டு வருடமாக மச்சான் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. தன் நம்பரைப் பார்த்தால் எடுக்கமாட்டார் என்று என் போனில் பேசினார். மச்சானுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார்.

"யாரு?"

"நாந்தாண்ணே."

"அடேயப்பா. வழியில பாத்தா மூஞ்சியத் திருப்பிட்டுப் போற ஆளுக்கு இன்னைக்கு அண்ணன் ஞாபகம் வந்துருச்சாக்கும்."

"மழை பேஞ்சிருக்காம்ணே."

"பேஞ்சிச்சு. அதுக்கென்ன?"

"நம்ம காட்டுல வந்து ஓட்டி விட்டீகன்னா… வந்து உங்களப் பாத்துக்கிருவேன்."

அந்த நேரம் பார்த்து, கோடு போட்ட சட்டைக்காரன் ஒருவன் படகைத் தள்ளிக்கொண்டு பாட ஆரம்பித்தான். கூரை வானத்தில் பட்டு அந்தக் குரல் பெரிதாகத் திரும்பி வந்தது.

"அதென்னடா பாட்டு? கச்சேரியில இருக்கியா?"

"படகுக்காரன் பாடுறாண்ணே."

"படகா? அம்புட்டுத் தண்ணியா கெடக்கு அங்க?"

"கடைக்குள்ள வாய்க்கா வெட்டி விட்ருக்காய்ங்கண்ணே."

"கடைக்குள்ள வாய்க்காலா! அப்புறம் என்னடா, அதுலயே ரெண்டு படி கடலையப் போட்டுட்டு வா."

போன் நின்றுவிட்டது. மச்சான் அதை என்னிடம் நீட்டினார். கோபம் தெரியவில்லை. "கேட்டுட்டேன்ல மாப்ள. அவுககிட்டக் கேக்குறது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு" என்றார். படகில் இருந்த வெளிநாட்டுப் பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். நான் பதிலுக்குக் கையசைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

டூர் மேனேஜரிடம் போய் டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று கேட்டேன். எல்லோருக்கும் சேர்த்துப் போட்ட டிக்கெட், ஓராளுக்கு மாற்ற முடியாது என்றார். தனியாக எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று போனில் பார்த்துக் காட்டினார். நான் மச்சானிடம் அந்தப் போனைக் காட்டவில்லை. "வீட்ல எதுவும் விசேசமாண்ணே?" என்று மேனேஜர் கேட்டார். "விதைக்கணும்" என்றேன். அவர் சென்னைக்காரர். புரிந்த மாதிரி தலையை ஆட்டினார்.

மறுநாள் எங்களை ஒரு நகைக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். கடிகாரமும் தோல் பொருளும்கூட அங்கே இருந்தன. இந்த மாதிரி டூரில் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. ஒன்றரை மணி நேரம் கடைக்குள் இருந்தே ஆக வேண்டும். வாங்குகிறவர் வாங்கலாம், வாங்காதவர் சுற்றிப் பார்க்கலாம், ஆனால் வெளியே போக முடியாது. கடைக்காரர்கள் மேனேஜரின் சீட்டில் முத்திரை வைத்தால்தான் பஸ் கிளம்பும். தரைக்குக் கீழே இருந்த அந்தக் கடையில் சிக்னல் இல்லை. மச்சான் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மூலை மூலையாக நடந்தார். ஒரு விற்பனைப் பெண் அவர் எதையோ தேடுகிறார் என்று நினைத்து ஒரு கைப்பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவர் தடவிப் பார்த்தார்.

"கன்னுத் தோலு மாப்ள. பால்குடி மறக்காத கன்னு."

அவர் என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நல்ல பை என்று சொல்கிறார் என்றேன். அவள் குனிந்து வணக்கம் வைத்தாள்.

வெளியே வந்ததும் போனில் வரிசையாக அக்கா கூப்பிட்டதற்கான குறிகள் வந்து விழுந்தன. மச்சான் திருப்பி அழைத்தார்.

"வெளியூர் டிராக்டரு ஒண்ணு நம்ம காட்டு வழியா வந்துச்சுங்க. நிறுத்திக் கேட்டேன். ஏக்கருக்கு ரெண்டு மடங்கு கேட்டான். உங்களக் கேக்காம எப்புடிச் சொல்றதுன்னு போன் போட்டேன், போட்டேன், போகவே இல்ல. பத்து நிமிசம் நின்னான். போயிட்டான்."

"கேட்டதக் குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானடி."

"நாளைக்கு வந்து நீங்க என்னைய வையிறதுக்கா?"

மச்சான் போனைச் சட்டைப் பையில் போட்டார். பஸ் கிளம்பிவிட்டது. சௌராஷ்டிர அம்மா, வாங்கிய கம்மலைப் பக்கத்து சீட்டுக்காரியிடம் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பி, "ஒண்ணும் வாங்கலையா அண்ணே?" என்றார். "இல்லம்மா" என்றார் மச்சான்.

அதன் பிறகு பார்த்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. பாரிஸில் இருக்கும் கோபுரத்தைப் பாதி உயரத்தில் அங்கே கட்டி வைத்திருந்தார்கள். லிப்டில் ஏறிப் பார்த்தோம். மச்சான் நம் ஊர் இருக்கும் மேற்குப் பக்கம் எது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்னொரு ஓட்டல் முன்னால் ஒரு குளம். பாட்டுப் போட்டால் தண்ணீர் அதற்கேற்ப எழும்பி ஆடியது. குளத்துக்கு மேலே கம்பியில் தொங்கும் பெட்டியில் உட்கார்ந்து சுற்றினோம். தண்ணீர் ஒரு பனை உயரத்துக்கு எழும்பியது. கண்ணாடியில் தூறல் பட்டு வழிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததை முகத்தில் காட்டாமல் இருக்கப் பாடுபட்டேன். இப்போது யோசித்தால் அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே வேலை அதுதான்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும்போதுதான் அக்கா வீடியோவில் வந்தாள். பின்னால் காடு தெரிந்தது. வெள்ளை வெயில்.

"என்னங்க, அங்கயும் மழையா?"

"இது மழை இல்ல. மோட்டார் வச்சு அடிக்கிறாய்ங்க" என்றார் மச்சான். "ஈரம் எப்புடி இருக்கு?"

"மேட்டுப் பக்கம் வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. நான் பங்காளி வீட்டு வாசல்ல போயி நிக்கவா?"

இதை அவள் இரண்டாவது நாளே கேட்டிருந்தாள். நிற்காதே என்று சொல்லியிருந்தார். இப்போது மச்சான் கீழே ஆடும் தண்ணீரைப் பார்த்தார். பெட்டி பாதிச் சுற்று வந்துவிட்டது.

"போ" என்றார்.

அக்கா போனாள். அந்த வீட்டு அம்மா அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாளாம். டிராக்டர்காரர் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட காடுகளையெல்லாம் உழுது முடித்துவிட்டு மறுநாள் மத்தியானம் வந்தார். அதற்குள் விதைபோடும் பெண்கள் எல்லோரும் வேறு காடுகளுக்குப் போய்விட்டார்கள். டிராக்டர் ஓட, அக்காவும் பக்கத்துக் காட்டு அம்மாவும் மட்டும் சாலோடு நடந்து பருப்பைப் போட்டார்கள். ஆறு பேர் செய்ய வேண்டிய வேலை. பொழுது சாய்ந்துதான் முடிந்தது. மூடாமல் கிடந்த சாலெல்லாம் அதுவரை வெயிலில் காய்ந்தது.

நாங்கள் சென்னை வந்து பஸ் ஏறினோம். கொட்டாம்பட்டி தாண்டும்போது விடிந்தது. ரோட்டோரம் உழுது விதைத்த காடுகள் கறுப்பும் சிவப்புமாகக் கிடந்தன. மச்சான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். மதுரையில் இறங்கி உசிலம்பட்டி பஸ் மாறி, பெட்டியோடு நேராகக் காட்டுக்குப் போனோம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தோண்டினார். பள்ளத்தில் பருப்பு ஊறிப் பெருத்திருந்தது. மேட்டில் சாக்கிலிருந்து எடுத்த மாதிரியே இருந்தது. எடுத்த ஒவ்வொன்றையும் அதே குழியில் வைத்து மூடினார்.

"இன்னொரு தூத்தல் விழுந்தாப் போதும் மாப்ள. அம்புட்டும் மொளச்சுரும்."

தூறல் விழவில்லை. பள்ளத்தில் வரிசையாக முளை வந்தது. மேட்டில் வரவில்லை. முளைக்காத கடலைக்கு மயில் வரும். எங்கள் பக்கம் மயிலை அடிக்க முடியாது, விரட்டத்தான் முடியும். காலிலேயே கீறி, சால் பிடித்த மாதிரி வரிசையாகப் பொறுக்கித் தின்னும். ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு நான் மேட்டில் போய் உட்கார்ந்தேன். எந்த ஊரிலும் கால் தரிக்காதவன், விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை அந்த மேட்டைவிட்டு இறங்கவில்லை. கிழக்கே தட்டினால் மேற்கே இறங்கும். மேற்கே ஓடினால் கிழக்கே இறங்கும். நடுவில் வானத்தையும் பார்த்துக்கொள்வேன். ஒரு மேகம் கிடையாது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மச்சான் சோற்று வாளியோடு வந்தார். ஏழெட்டு மயில்கள் மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. நான் எழுந்து தகரத்தைத் தட்டப் போனேன். அவர் என் கையிலிருந்து தகரத்தை வாங்கித் தரையில் கவிழ்த்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"போதும் மாப்ள. தின்னுட்டுப் போகட்டும். நீ சாப்பிடு."