சிந்தாமல் ஊற்றிய காபி

அந்தக் காபிச் சாமானை மகள் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தபோது அவளோடு சண்டைதான் போட்டேன். ஒரு பீங்கான் புனல், அதற்குள் வைக்கிற காகித வடிகட்டி, கொக்கு மாதிரி நீண்ட மூக்குள்ள ஒரு கெட்டில். அப்பன் கை வெந்துபோய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற வீட்டில் இது ஒன்றுதான் கேடா என்றேன்.

என் வீட்டுக்காரர் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை பார்த்தார். இருபது வருஷம். போன சீசனில் கலவை ரூம் வெடித்ததில் உள்ளே இருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். வாசலில் நின்ற இவருக்கு வலது கை போனது. போனது என்றால், இருந்தது. தோல் இழுத்து விரல்கள் மடங்கி, ஒரு வாய்ச் சோற்றை அள்ள முடியாமல் இருந்தது. ஆமத்தூரில் எங்கள் வீட்டில் ஆறு மாதம் நான்தான் ஊட்டிவிட்டேன். ஊட்டும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். அமுக்கிப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த பந்தைத் தெருவில் எறிந்துவிட்டார்.

கெட்டிலை மட்டும் எறியவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருநாள் காலையில், மகள் காட்டிக்கொடுத்தபடி நான் புனலில் காபித்தூளை நனைத்துவிட்டு அது உப்பி வரக் காத்திருந்தபோது, "இங்கன கொண்டா" என்று வாங்கிக்கொண்டார். தண்ணீர் பாதி புனலில், பாதி அடுப்பு மேடையில். வடிந்தது காபி இல்லை, கழுநீர். நான் விடுவேனா? மறுநாளும் கெட்டிலைக் கையில் கொடுத்தேன். "நூலு மாதிரி விழணும். நடுவுல ஆரம்பிச்சுச் சுத்தி வாங்க. கொஞ்சம் ஊத்திட்டு நிறுத்துங்க, வடியட்டும்" என்று, மகள் சொன்னதையெல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். திட்டினேன், கெஞ்சினேன். வெந்நீர் பட்டு ஒருநாள் அழுதார். நானும் அழுதேன். அடுத்த நாளும் ஊற்றினார். விரல்கள் ஒவ்வொன்றாக இளகின.

கெட்டிலை எடுக்குமுன் ஜன்னல் கம்பியை ஒருதரம் தொட்டுக்கொள்வார். கம்பெனியில் ரூமுக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொடவேண்டும்; உடம்பில் இருக்கிற கரண்டு இறங்கிவிடுமாம். அந்தப் பழக்கம். "காபி வெடிச்சுருமாக்கும்?" என்று கேலி செய்தேன். சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷம் என் கண்ணை மறைத்துவிட்டது.

ஆடி மாதம் கம்பெனி போர்மேன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். "சாப்பிட்டீகளா தாயி" என்று என்னிடம் பிரியமாகத்தான் கேட்டார். வந்தவரைக் காபி கொடுக்காமல் அனுப்புவோமா? இவரே எழுந்து போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போர்மேனைச் சமையலறை வாசலுக்கே கூப்பிட்டேன்.

"பாருங்கண்ணே, ஒரு சொட்டுச் சிந்துதா? என் கையவிட இவுக கை நிதானம்."

தவளை தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

போர்மேன் காபியைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். தண்ணீர் மெல்லிசாக இறங்கி, வட்டம் சுற்றி, நிறுத்திய இடத்தில் நின்றது. தட்டாமல், கொட்டாமல், அவசரப்படாமல். மருந்து கலக்குகிற கைக்கு வேறு என்ன வேண்டும்?

"ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. கலக்க நல்ல கை இல்ல. திங்கக்கெளம வேன் அனுப்புறேன், வாரீகளா?" என்று இவரைக் கேட்டார்.

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "வாரேன்" என்றார்.

போர்மேன் போனபின் நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "அங்கன ரெண்டு பேரு செத்தது மறந்துபோச்சா? ஊருல வேற வேலையே இல்லையா?"

தம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். கை சரியாகலைன்னா வீட்டுல கெடந்திருப்பேன். நீதான் சரியாக்கிட்டியே."

குத்தலாகச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னார்.

அந்தக் கை மடங்கியே இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். கட்டினவள் நினைக்கிற நினைப்பா இது? இப்போதும் சாயங்காலம் வேன் வரத் தாமதமானால் அதையேதான் நினைக்கிறேன்.