பெஞ்சில் விரித்த துண்டு

போன வருடம் முழுப்பரீட்சை லீவில் நடந்தது இது. மதுரையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக, ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போடி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். சாயங்கால ரயில், நல்ல கூட்டம்.

எங்கள் ஊர் ரயிலுக்கு ஒரு கதை உண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மதுரைக்கும் போடிக்கும் ஒரு குட்டி ரயில் ஆடி அசைந்து ஓடிக்கொண்டிருந்தது. அகலப்பாதை போடப்போகிறோம் என்று நிறுத்தினார்கள். நிறுத்தியது நிறுத்தியதுதான். பத்து வருடத்துக்கு மேல் ரயில் வராத ஸ்டேஷனை வைத்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகுதான் ரயில் திரும்பி வந்தது. அதற்குள் எங்களுக்குப் பஸ் பழக்கம் ஊறிவிட்டது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். "அண்ணே, ஒரு ஆளு வரணும்" என்றால் கண்டக்டர் ரெண்டு நிமிஷம் பொறுப்பார்.

அன்றும் அதையே செய்தேன். மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவள் காலடியில் பையை வைத்து, பக்கத்தில் துண்டை விரித்தேன். "யாரையும் உக்கார விடாத. அம்மா தண்ணி வாங்கிட்டு வெரசா வந்துர்றேன்" என்று இறங்கினேன். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பாட்டிலோடு திரும்பினால் ரயில் நகர்கிறது. "நிறுத்துங்க, ஒரு ஆளு வரணும்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ரயிலிடம் போய்! கடைசிப் பெட்டியும் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

நான் எப்போதும் காலில் சுடுதண்ணீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறவள். ஸ்டேஷனில் யாரிடமாவது சொல்லியிருந்தால் அடுத்த ஸ்டேஷனான தேனிக்கு ஒரு போன் போட்டிருப்பார்கள். அந்தப் புத்தி வரவில்லை. ரோட்டுக்கு ஓடினேன். ஏலக்காய்த் தோட்ட வேலை முடிந்து போடிமெட்டு மலையிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ஜீப் ஒன்றுக்குக் குறுக்கே போய் நின்றேன். ஸ்கூட்டரில் போகும்போது வழியை அடைக்கிறார்கள் என்று அந்த ஜீப்புக்காரர்களை நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் சிலமலைக்குப் போக வேண்டிய பெண்கள். விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள். சிலமலை ஒரு பக்கம், தேனி இன்னொரு பக்கம். ஒரு அக்கா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். "வண்டியத் தேனிக்கு விடுங்கண்ணே. பிள்ள ஒத்தையில போகுதுல்ல. சோறு பொறவு ஆக்கிக்கலாம்" என்றார்.

அந்த அக்காவின் போனிலிருந்து என் போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. சத்தத்தைக் குறைத்துப் பைக்குள் போட்டது நான்தான். என்னைத் தேடி ரயில் வாசலுக்கு வருவாளோ, யாராவது கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, "வெரசா, வெரசா" என்று டிரைவரை அரித்தெடுத்தேன். பாவம், அவர் வண்டியை விரட்டிக்கொண்டே இருந்தார்.

தேனி வந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. பிளாட்பார பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அதே துண்டை விரித்து வைத்திருந்தாள். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் எங்கள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நீங்க ஓடியாந்தத ஜன்னல்ல பாத்தேம்மா. பின்பெட்டியில ஏறிருப்பீங்கன்னு நெனச்சேன். ஆளக் காணோம்னதும் பிள்ளையோட எறங்கிட்டேன்" என்றார். அவரும் மதுரைக்குப் போக வேண்டியவர்.

"நீங்க உக்காந்திருக்கலாமேண்ணே" என்றேன்.

"உங்க மக விட்டாத்தானே! அம்மாவுக்குப் போட்ட எடமாம்" என்று சிரித்தார்.

மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தால், ஜீப் அங்கேயே நிற்கிறது. "பிள்ள கெடச்சுச்சா?" என்று உள்ளேயிருந்து நாலைந்து குரல்கள். அவளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியைத் திருப்பினார்கள்.

காத்திருப்பதென்றாலே எனக்கு ஆகாது. அன்று எனக்காக ஒரு மனிதர் ரயிலை விட்டுவிட்டு நின்றார், ஒரு ஜீப் நிறையப் பெண்கள் பசியோடு காத்திருந்தார்கள். இப்போதெல்லாம் ரோட்டில் ஏதாவது ஜீப் வழிமறித்து நின்றால், உள்ளே அந்த அக்கா இருப்பாரோ என்று தோன்றுகிறது, ஹாரன் அடிக்கக் கை போவதில்லை.